இன்னாரென்று நிரூபித்தவர்கள்

ஒரு பழைய கிரையப் பத்திரத்தின் பின்பக்கத்திலிருந்து இந்தச் சொற்பொழிவைத் தொடங்குகிறேன். முன்பக்கத்தை எல்லோரும் படிப்பார்கள். விலை, தேதி, சொத்து விவரம், நான்கெல்லை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. தாளைத் திருப்பினால் சார்பதிவாளர் அலுவலகத்தின் எழுத்து வருகிறது. இன்ன நாளில், இன்ன மணிக்குள், இன்ன கட்டணம் செலுத்தித் தாக்கல் செய்யப்பட்டது என்று ஒரு வரி. எழுதிக்கொடுத்ததாக ஒப்புக்கொண்டவர் என்று இன்னொரு வரி, அதன் பக்கத்திலேயே மை அப்பிய இடது பெருவிரல் ரேகை. அதற்கும் கீழே ‘இன்னாரென்று நிரூபித்தவர்கள்’ என்ற தலைப்பில் இரண்டு கையெழுத்துகள், தகப்பனார் பெயரும் ஊரும் சேர்த்து. இந்தத் தலைப்பைக் கவனிக்கவேண்டும். அது உயர்திணைச் சொல். விற்பவர் இன்னார் என்பதை நிரூபித்தவை என்று எந்தச் சான்றின் பட்டியலும் அங்கே இல்லை. நிரூபித்தது இரண்டு மனிதர்கள். புகைப்படம் ஒட்டிய அட்டை எதுவும் கையில் இல்லாத ஒருவர் தம் வீட்டை விற்க வந்தால் தாம் யார் என்று எப்படி நிறுவுவது என்ற கேள்விக்கு நம் பதிவுமுறை நூறாண்டுக்கு மேலாக வைத்திருக்கும் விடை அந்தத் தலைப்பில் இருக்கிறது. அந்த விடையை நாம் மறந்துவருகிறோம் என்பதும், மறப்பதால் ஏழைகளும் முதியவர்களும் மட்டுமன்றி வாங்குபவர்களும் நட்டப்படுகிறார்கள் என்பதும்தான் நான் சொல்ல வந்தவை.

பேச்சு காற்றில் மிதக்காமல் இருக்க ஒருவரை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். 1974-ல் தன் பெயரில் ஓர் ஓட்டு வீடு வாங்கிய பெண். அப்போது வயது முப்பது. இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார். வாக்காளர் அட்டை ஒரு வெள்ளத்தில் வீட்டுச் சாமானோடு போயிற்று. ஓட்டுநர் உரிமமும் கடவுச்சீட்டும் அவர் வாழ்க்கையில் தேவைப்பட்டதே இல்லை. படுத்த படுக்கையான பிறகு ஆதார் மையத்துக்குத் தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லை. மருத்துவச் செலவுக்கு வீட்டை விற்றாகவேண்டும். வாங்க ஆளும் இருக்கிறது. பத்திர எழுத்தர் முதலில் கேட்பது ‘கார்டு ஏதாவது இருக்கா’ என்பதைத்தான். இல்லையென்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. இப்படிப்பட்டவர்கள் எண்ணிக்கையில் குறைவு என்று சொல்லலாம். குறைவுதான். ஆனால் அவர்களுக்கு அந்த வீடு ஒன்றுதான் சொத்து. வாழ்நாளில் ஒரே ஒரு முறை அதை விற்கப்போகிறார்கள். அந்த ஒரு முறையும் கதவு அடைபட்டால், சொத்துரிமை அவர்களுக்கு இருந்தும் இல்லாத ஒன்றாகிவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. அதன் 34-ஆவது பிரிவு பதிவு அலுவலருக்கு விதிக்கும் கடமைகளில் இரண்டு இங்கே முக்கியமானவை. எழுதிக்கொடுத்ததாகப் பத்திரம் யாரைச் சொல்கிறதோ அவர்தான் எழுதிக்கொடுத்தாரா என்று விசாரிக்கவேண்டும். தம் முன்னால் வந்து நிற்பவர் யார் என்பதில் தாம் மனநிறைவு அடையவேண்டும். 35-ஆவது பிரிவு அதற்கான வழியையும் சொல்கிறது. வந்தவர் அலுவலருக்கு நேரில் அறிமுகமானவராக இருக்கலாம், அல்லது வேறு வகையில் அலுவலர் மனநிறைவு அடையலாம். அதற்காக அலுவலகத்தில் இருக்கும் எவரையும் அவர் விசாரிக்கலாம். இந்த இரண்டு பிரிவுகளிலும் அட்டை என்ற பேச்சே இல்லை. சட்டம் எழுதப்பட்ட காலத்தில் அட்டைகளே இல்லை என்பது ஒரு காரணம். ஆனால் அதுமட்டும் காரணமல்ல. ‘வேறு வகையில் மனநிறைவு’ என்ற சொற்களில், ஆளை அறிவது ஒரு விசாரணை என்ற எண்ணம் இருக்கிறது. கேட்டு, பார்த்து, ஒப்பிட்டு, முடிவுக்கு வரவேண்டிய வேலை அது. அந்த முடிவுக்கு அலுவலர் பொறுப்பு. அட்டையின் நகலை வாங்கிக் கோப்பில் சேர்ப்பதோடு அந்த வேலை முடிந்துவிட்டதாக இன்று பல இடங்களில் கருதப்படுகிறது. விசாரணை போய், வசூல் வந்துவிட்டது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. 2001-ல் சட்டத்தில் 32-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பத்திரத்தைத் தாக்கல் செய்பவரின் புகைப்படமும் விரல் ரேகையும் பத்திரத்தில் இடம்பெறவேண்டும். அசையாச் சொத்தின் உரிமை மாறும்போது விற்பவர், வாங்குபவர் ஒவ்வொருவரின் படமும் ரேகையும் வேண்டும் என்கிறது அது. புகைப்படம் கட்டாயம் என்று மக்கள் கேள்விப்பட்டிருப்பது இதைத்தான். ஆனால் இந்தப் பிரிவு கேட்பது வந்தவரின் இன்றைய படம். அது நாளைக்கான சாட்சி. இன்று இங்கே வந்து கையெழுத்திட்டவர் இந்த முகம் உடையவர் என்று வருங்காலத்துக்குச் சொல்லிவைப்பது. வந்தவர் ஏற்கெனவே அரசு தந்த படச் சான்றைக் கொண்டுவந்தால்தான் பதிய முடியும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. படம் எடுத்துக்கொள்வதும் படம் கொண்டுவரச் சொல்வதும் வேறு வேறு. முதலாவது எவரையும் விலக்காது. நம் எண்பது வயதுப் பெண்ணுக்கும் முகம் இருக்கிறது, விரல் இருக்கிறது.

இனி வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். வீடு விற்கும்போது உண்மையில் நிரூபிக்கப்படவேண்டியது என்ன? வந்தவரின் பெயர் என்று பலரும் நினைக்கிறோம். பெயர் மட்டும் தெரிந்து பயனில்லை. 1974-ல் இந்த வீட்டை வாங்கிய அந்த ஆளும், இன்று விற்க வந்திருக்கும் இந்த ஆளும் ஒருவரேதானா என்பதுதான் கேள்வி. அட்டை முகத்தையும் பெயரையும் முடிச்சுப் போடுகிறது. பெயரையும் வீட்டையும் அது முடிச்சுப் போடுவதில்லை. மூலப்பத்திரத்தில் ‘செல்லம்மாள்’ என்று இருக்கிறது; வந்தவரின் அட்டையிலும் ‘செல்லம்மாள்’ என்றே இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் எத்தனை செல்லம்மாள்! குடும்பப் பெயர் இல்லாத மரபு நம்முடையது. ஓர் எழுத்தைத் தலைப்பில் வைத்துக்கொண்டு வாழ்நாளை ஓட்டுகிறோம். பெண்ணுக்கு அந்த எழுத்து தகப்பனாரிடமிருந்து கணவருக்கு மாறும், சிலருக்கு மாறாது. பத்திரத்தில் தகப்பனார் பெயர் இருக்கும், அட்டையில் கணவர் பெயர் இருக்கும். வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, பள்ளிக்கூடத்தில் போட்ட பெயர் ஒன்று. இந்தத் தொல்லைக்காகவே பழைய பத்திர எழுத்தர்கள் ‘என்கிற’ என்ற ஒரு சொல்லை வைத்து இரண்டு பெயர்களைக் கோத்தார்கள். ஆக, அட்டை இருப்பவருக்கும் அது பல வேளைகளில் பொருந்துவதில்லை. பொருந்தினாலும் கேட்கவேண்டிய கேள்விக்கு அது விடையாவதில்லை. பதிவுச் சட்டமே ஆளைக் குறிக்கப் பெயர் போதாது என்று கருதித்தான் வசிப்பிடம், தொழில், தகப்பனார் பெயர் ஆகியவற்றையும் கேட்டது. தாய் பெயரால் அறியப்படுபவருக்குத் தாயின் பெயரைச் சொல்லலாம் என்றும் இடம் வைத்தது. பழைய வாசகத்தில் சாதியும் இருந்தது. அது பின்னாளில் நீக்கப்பட்டது, நீக்கியது நல்லதாயிற்று.

அன்றைய ஆளும் இன்றைய ஆளும் ஒருவரே என்று காட்டக்கூடிய சான்று எது? பத்திரத்தின் பின்பக்கத்தில் இருக்கும் அந்தப் பெருவிரல் ரேகை. இதற்கொரு வரலாறு உண்டு, அது இந்தியாவில் நடந்தது. 1858-ல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற இளம் அதிகாரி, சாலைக்குச் சரளை தருவதாக ஒப்பந்தம் செய்த ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையில் மை தடவி, ஒப்பந்தத் தாளின் பின்புறம் அழுத்தி எடுத்தார். கையெழுத்து என்னுடையதல்ல என்று பின்னால் மறுத்துவிடக் கூடாது என்பதே அவர் எண்ணம். ஆண்டுக்கணக்கில் தம் விரல்களையும் நண்பர்களின் விரல்களையும் பதித்துப் பார்த்து, ரேகை மாறுவதில்லை என்று தெளிந்த பிறகு, 1877-ல் ஹூக்ளி மாவட்டத்தில் மூன்று இடங்களில் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ஓய்வூதியம் வழங்கும் இடம், சிறை, அப்புறம் பத்திரப் பதிவு அலுவலகம். குற்றவாளியைப் பிடிக்கும் கருவியாக இன்று நாம் அறிந்திருக்கும் விரல் ரேகை, ‘நான் எழுதிக்கொடுக்கவில்லை’ என்ற மறுப்பையும், செத்தவர் பெயரில் ஓய்வூதியம் வாங்கும் மோசடியையும் தடுப்பதற்காகத்தான் அலுவலகத்துக்குள் முதலில் நுழைந்தது. நம் சார்பதிவாளர் அலுவலகங்களில் பத்திரத்தின் மேலும் அதற்கென உள்ள ரேகைப் புத்தகத்திலும் பெருவிரல் பதியப்படுவது அந்த வழிவந்த வழக்கம்.

அப்படியானால் நம் எண்பது வயதுப் பெண்ணிடம் மற்ற எதையும்விட வலுவான சான்று ஒன்று இருக்கிறது. 1974-ல் தாம் வாங்கியபோதோ, பின்னர் அடமானம் வைத்து மீட்டபோதோ பதிந்த ரேகை மூலப்பத்திரத்திலோ அலுவலகப் புத்தகத்திலோ கிடைத்தால், இன்றைய விரலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எழுதிக்கொடுப்பவரின் ரேகை பெரும்பாலும் இருக்கும். வாங்கியவரின் ரேகை எல்லாப் பழைய பத்திரத்திலும் இருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருக்கும் இடத்தில்கூட அதை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை என்பதுதான் குறை. சார்பதிவாளர் ரேகை நிபுணர் அல்ல என்பது உண்மை. காவல்துறையின் விரல் ரேகைப் பிரிவில் நிபுணர்கள் இருக்கிறார்கள், கருத்துக் கேட்கலாம். வயதாலும் உழைப்பாலும் ரேகை தேய்ந்திருக்கும் என்பதும் உண்மைதான். நாற்று நட்ட கையும் சுண்ணாம்பு குழைத்த கையும் எந்திரத்தில் எளிதில் படிவதில்லை. ஆனால் எந்திரம் ஒரு நொடியில் ஏற்க மறுக்கும் விரலை, மை தடவிப் பொறுமையாக இரண்டு மூன்று முறை எடுத்து, உருப்பெருக்கி வைத்துப் படிக்கும் ஒருவர் அடையாளம் கண்டுவிட வாய்ப்பு உண்டு. ரேகை கிடைக்காத இடத்தில் கையெழுத்து இருக்கும்.

கையெழுத்தை ஒப்பிட்டு ஆவணத்தின் உண்மையைத் தீர்த்த வழக்கு நமக்குப் புதிதல்ல. பெரியபுராணத்தில் திருவெண்ணெய்நல்லூர் அவையில் நடப்பது அதுதான். மணமகனான நம்பியாரூரரைத் தம் அடிமை என்று சொல்லி வந்த முதியவர் ஓலையைக் காட்ட, அதை நம்பி கிழித்தெறிகிறார். கிழிந்தது படி, மூல ஓலை தம்மிடம் இருக்கிறது என்று முதியவர் அவைக்கு வருகிறார். எழுதிக்கொடுத்ததாகச் சொல்லப்படும் பாட்டனாரோ உயிரோடு இல்லை. முகம் பார்த்து முடிவுசெய்ய வழியற்ற வழக்கு அது. அவையினர் என்ன செய்கிறார்கள்? பாட்டனார் எழுதிய வேறொரு ஓலையைக் காப்பிலிருந்து எடுத்துவரச் செய்து இரண்டையும் வைத்துப் பார்க்கிறார்கள், எழுத்து ஒத்துப்போகிறது. ஆட்சி, ஆவணம், சாட்சி என்று மூன்று வழிகள் அந்த அவைக்குத் தெரிந்திருந்தன. கதையின் பக்திப் பொருளை ஒதுக்கிவைத்துவிட்டு வழக்கு நடந்த முறையை மட்டும் பார்த்தாலும், சேக்கிழார் காலத்துத் தமிழ்நாட்டில் ஆவணக் காப்பும் ஒப்பீடும் எவ்வளவு பழகியவை என்று தெரிகிறது. எழுதத் தெரியாதவரின் நிலையும் அன்று சிந்திக்கப்பட்டிருக்கிறது. ‘தற்குறி’ என்பது இன்று ஏச்சுச் சொல்லாகிவிட்டது. அதன் பழைய பொருள், எழுதத் தெரியாதவர் ஆவணத்தில் இடும் அவருடைய குறி. அந்தக் குறி அவருடையதே என்று எழுத்தறிந்த இன்னொருவர் பக்கத்தில் சான்றிட்ட வழக்கமும் இருந்தது. எழுத்தில்லாதவர் சொத்துக் கைமாற்றத்திலிருந்து விலக்கப்படவில்லை. அவர் பக்கத்தில் ஓர் ஆள் நின்றார்.

விற்பவர் வாங்கியவராக இல்லாமல் வாரிசாக இருந்தால் இந்த ரேகை உதவாதே என்று கேட்கலாம். சரியான கேள்வி. தாய் பெயரில் உள்ள வீட்டை மகன் விற்கும்போது, ஒருவரையே இரண்டு காலத்தில் அடையாளம் காண்பதோடு வேலை முடியாது. இரண்டு பேருக்கு இடையிலுள்ள உறவையும் காட்டவேண்டும். வாரிசுச் சான்று அதைக் காட்டுகிறது. ஆனால் சான்றில் உள்ள மகன் பெயருக்கும் எதிரில் நிற்பவருக்கும் உள்ள முடிச்சை மறுபடி யாரோ போடவேண்டியிருக்கிறது. இங்கேதான் ஆட்சியும் சாட்சியும் முன்வருகின்றன. அந்த வீட்டுக்குச் சொத்துவரி கட்டிய ரசீது யார் கையில் இருக்கிறது, மின் கட்டணம் யார் செலுத்தினார், பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை ஆண்டாக இவரை அறிவார் என்பவை தனித்தனியே மெலிந்த இழைகள். சேர்த்து முறுக்கினால் கயிறாகும். படச் சான்று மட்டும் வைத்திருக்கும் மோசடிக்காரரிடம் இந்தக் கயிறு இருக்காது.

இனி எதிர்வாதங்கள். முதலாவதும் மிகக் கடுமையானதும் ஆள்மாறாட்டம். சென்னையைச் சுற்றிக் காலியாகக் கிடக்கும் மனைகளையும், வெளிநாட்டில் வாழ்பவர்களின் பூட்டிய வீடுகளையும் யாரோ ஒருவர் உரிமையாளராக நடித்து விற்றுவிட்டுப் போகும் கொடுமை நடக்கிறது. இந்தக் காலத்தில் அட்டையைக்கூடக் கேட்காதே என்கிறீர்களா என்று கேட்பவரின் அச்சம் நியாயமானது. அட்டை இருந்தால் கேளுங்கள், தடையில்லை. அட்டை இல்லாதபோது விசாரணையைக் கைவிட்டுவிடாதீர்கள் என்பதும், அட்டை இருக்கும்போதும் விசாரணையைக் கைவிட்டுவிடாதீர்கள் என்பதும்தான் என் கோரிக்கை. ஆள்மாறாட்டம் செய்பவர் அட்டை இல்லாமல் வருவதில்லை. அவரிடம் எல்லா அட்டையும் இருக்கும், எல்லாம் ஒழுங்காக இருக்கும். லண்டனில் ஆளில்லாமல் கிடந்த ஒரு வீட்டை உரிமையாளர்போல் நடித்த ஒருவர் 11 லட்சம் பவுண்டுக்கு விற்றுப் பணத்தோடு மறைந்தார். விற்றவர் தரப்பிலும் வாங்கிய ட்ரீம்வார் நிறுவனத்தின் தரப்பிலும் வழக்கறிஞர்கள் இருந்தார்கள். நிலப் பதிவகம் சந்தேகப்பட்டுப் பதிவை நிறுத்தியபோது பணம் போயிருந்தது. நட்டம் யார் தலையில் என்ற வழக்கு 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. அங்கே குறைபட்டது சான்றுத் தாள் அல்ல, தாள் இருந்தது. இந்த ஆளுக்கும் இந்த வீட்டுக்கும் என்ன தொடர்பு என்று எவரும் துருவவில்லை. அதே இங்கிலாந்தின் நிலப் பதிவகப் படிவம், படமுள்ள சான்று ஒன்று இல்லாதவருக்கு வேறு வகைச் சான்று இரண்டு என்ற ஏற்பாட்டையும் வைத்திருந்தது. அத்துடன் வழக்கறிஞர் ஒருவர் அவரை நேரில் பார்த்து, அவர் படத்தின் மேல் உறுதி எழுதித் தரவேண்டும். மோசடியை நன்றாக அறிந்த நாடும் மாற்றுவழியை அடைக்கவில்லை.

இரண்டாவது எதிர்வாதம் சாட்சிகளைப் பற்றியது. பதிவு அலுவலக வாசலில் நிற்கும் எவரும் நூறு ரூபாய்க்கும் ஒரு டீக்கும் சாட்சிக் கையெழுத்துப் போடுவார், அவர் சொல்லை நம்பி வீட்டைப் பதிவதா என்பது. இதை நான் மறுக்கமாட்டேன். ‘இன்னாரென்று நிரூபித்தவர்கள்’ என்ற தலைப்பின் கீழ், விற்பவரை அன்று காலைதான் முதன்முறையாகப் பார்த்தவர்கள் கையெழுத்திட்ட பத்திரங்கள் ஏராளம் இருக்கும். ஆனால் சாட்சி கெட்டுப்போனது எதனால் என்று யோசிக்கவேண்டும். சாட்சியை யாரும் கேள்வி கேட்பதில்லை. அவருடைய அட்டை நகலை வாங்குகிறோம், கையெழுத்து வாங்குகிறோம், அனுப்பிவிடுகிறோம். எவரையும் விசாரிக்கும் அதிகாரத்தை 35-ஆவது பிரிவு அலுவலருக்குத் தந்திருக்கிறது. பொய்யாக இன்னொருவராக நடிப்பவருக்கும், விசாரணையில் தெரிந்தே பொய் சொல்பவருக்கும், அதற்குத் துணைபோகிறவருக்கும் 82-ஆவது பிரிவு ஏழாண்டு வரை சிறை என்கிறது. கேள்வியே கேட்காத இடத்தில் பொய்யான பதில் என்று எதைச் சுட்டி வழக்குத் தொடர்வது? யாழ்ப்பாணத்தில் உறுதி என்ற பெயரில் சொத்துப் பத்திரம் முடிக்கும் நொத்தாரிசுமாரை, அதாவது நோட்டரிகளை, கட்டுப்படுத்தும் இலங்கைச் சட்டம் இந்த இடத்தில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. எழுதிக்கொடுப்பவரை நொத்தாரிசுக்குத் தெரியாவிட்டால், அவரை அறிந்த சாட்சிகள் வேண்டும். அந்தச் சாட்சிகளை நொத்தாரிசு அறிந்திருக்கவேண்டும். அறிமுகச் சங்கிலியில் ஒரு கண்ணியும் அறுபடக் கூடாது என்பது கருத்து. வாசலில் நிற்கும் கூலிச் சாட்சிக்கு அந்தச் சங்கிலியில் இடமில்லை.

ஆதார் வந்த பிறகு இந்தப் பேச்சே தேவையில்லை என்பது மூன்றாவது. ஆதாரின் பிறப்பையே பாருங்கள். எந்த ஆவணமும் இல்லாதவரை எப்படிச் சேர்ப்பது என்ற கேள்வி அதன் தொடக்கத்திலேயே எழுந்தது. அதற்காக அறிமுகம் செய்பவர் என்ற ஏற்பாடு வைக்கப்பட்டது. நியமிக்கப்பட்ட ஒருவர் ‘இவரை நான் அறிவேன்’ என்று உறுதி தந்தால் சேர்த்துக்கொள்ளலாம். குடும்பத் தலைவர் மற்றவர்களுக்காக உறுதி தரும் வழியும் உண்டு. ஆக, நாட்டின் மிகப் பெரிய அடையாள முறையின் வேரிலும் ஒரு மனிதரின் சொல்தான் இருக்கிறது. அந்தச் சொல் அட்டையாக மாறிய பின் செல்லும். வீடு விற்கும் இடத்தில் நேராகச் சொன்னால் செல்லாது என்பதற்கு என்ன நியாயம்? 2018 செப்டம்பரில் ஆதார் சட்டத்தை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம் நலத்திட்டங்களுக்கு அதை ஏற்றது, வங்கிக் கணக்குக்கும் கைப்பேசி எண்ணுக்கும் கட்டாயமாக்கியதை ஏற்கவில்லை. பதிவுச் சட்டத்துக்கு மாற்றாக மத்திய அரசு 2025-ல் மக்கள் கருத்துக்கு வைத்த வரைவிலும், ஆதார் சரிபார்ப்பு ஒப்புதலின் பேரில்தான். ஆதார் இல்லாதவருக்கும் தர விரும்பாதவருக்கும் மாற்றுவழி இருக்கவேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. மாற்றுவழி என்ற சொல் வரைவில் இருக்கிறது. அது என்ன வழி என்று யாராவது எழுதவேண்டும். எழுதாமல் விட்டால், மேசைக்கு மேசை அது மாறும்.

இது நான்காவது எதிர்வாதத்துக்கு இட்டுச் செல்கிறது. மனநிறைவு என்பதை அலுவலரின் விருப்பத்துக்கு விட்டால் கையூட்டுக்குக் கதவு திறக்காதா? திறக்கும், எழுத்தில் இல்லாவிட்டால். இன்று ‘கார்டு இல்லையா, போய்ட்டு வாங்க’ என்று வாயால் சொல்லித் திருப்பி அனுப்புவதும் விருப்ப அதிகாரம்தான். அது எந்தப் புத்தகத்திலும் ஏறுவதில்லை என்பதால் இன்னும் மோசமானது. பதிவு மறுக்கப்பட்டால் காரணத்தை எழுதி, இரண்டாம் எண் புத்தகத்தில் பதிந்து, கேட்பவருக்குக் கட்டணமின்றி நகல் தரவேண்டும் என்கிறது 71-ஆவது பிரிவு. அந்த ஆணையின்மேல் மாவட்டப் பதிவாளரிடம் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கையெழுத்திட்ட நாளிலிருந்து தாக்கல் செய்ய நான்கு மாத அவகாசமும் இருக்கிறது. ஆகவே, ஐயம் ஏற்பட்டால் உடனே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், உடனே விரட்டவும் வேண்டாம். பழைய ரேகையை எடுத்துப் பார்க்க, சாட்சியை வரவழைக்க, கிராம நிர்வாக அலுவலரைக் கேட்கச் சட்டமே நாள் தருகிறது. ஆளை அறிவதை உரிமையை ஆராய்வதோடு குழப்பவும் கூடாது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மூல ஆவணத்தைக் காட்டவேண்டும் என்ற தமிழ்நாட்டுப் பதிவு விதிகளின் 55-ஏ விதியில் ஒரு பகுதியைச் செல்லாது என்றபோது, விற்பவருக்கு உரிமை உண்டா என்று தீர்ப்பது பதிவு அலுவலரின் வேலையல்ல என்று தெளிவாக்கியது. அந்தக் கட்டாயத்தைச் சட்டத் திருத்தமாகவே கொண்டுவர நம் சட்டப்பேரவை உடனே முனைந்தது. இந்த இழுபறி எப்படி முடிந்தாலும் ஒன்று மாறாது. வந்தவர் யார் என்று அறியும் வேலை பதிவு அலுவலருக்கே உரியது, அவர் அதை வேறு எவருக்கும் தள்ளிவிட முடியாது.

படுக்கையில் இருப்பவரைப் பற்றி ஒரு வார்த்தை. உடல்நலிவால் வரமுடியாதவரிடம் அலுவலரே சென்று விசாரிக்கவேண்டும் அல்லது ஒருவரை அனுப்பி விசாரிக்கச் செய்யவேண்டும் என்கிறது 38-ஆவது பிரிவு. இதை அலுவலகத்துக்கு வரமுடியாதவருக்குச் செய்யும் சலுகையாக மட்டும் பார்க்கிறோம். ஆளை அறிவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது என்பது என் எண்ணம். அலுவலக மேசைக்கு முன்னால் எவரும் எவராகவும் நிற்கலாம். ஐம்பது ஆண்டு குடியிருந்த வீட்டில், சுவரில் தொங்கும் கல்யாணப் படத்துக்குக் கீழே, அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, வேறொருவராக நடிப்பது எளிதல்ல. இந்த வழியைக் காட்டாமல் விட்டால் குடும்பத்தார் என்ன செய்கிறார்கள்? தரகர் சொல்கிறபடி யாருக்காவது பவர் பத்திரம் எழுதிக்கொடுக்கிறார்கள், அல்லது அட்டை ஒன்றை ஏற்பாடு செய்ய வழி தேடுகிறார்கள். விதியின் இறுக்கமே போலியை உண்டாக்குகிறது. விற்கிற பணம் உரியவர் கைக்கு வராமல் போகவும் அதுவே வழி செய்கிறது.

ஆகவே நான் கேட்பது புதுச் சட்டம் அல்ல. படச் சான்று இல்லாதவர் வந்தால் என்ன செய்வது என்று பதிவுத்துறை ஒரு பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு சார்பதிவாளர் அலுவலகச் சுவரிலும் தமிழில் ஒட்டவேண்டும். முந்தைய பத்திரத்தின் ரேகையையோ கையெழுத்தையோ ஒப்பிட்டதற்கான குறிப்பு அதில் முதலில் வரட்டும். வீட்டோடு ஆளை இணைக்கும் ரசீதுகள் அடுத்து வரட்டும். அடையாளம் காட்டும் இருவரும் விற்பவருக்குப் பணத்தால் கட்டுப்படாதவர்களாகவும், அவர் வாழும் தெருவையோ ஊரையோ சேர்ந்தவர்களாகவும் இருக்கவேண்டும். வாங்குபவரின் ஆளாகவோ தரகராகவோ பத்திர எழுத்தரின் உதவியாளராகவோ இருக்கக் கூடாது. அவர்களை விற்பவர் காதில் விழாதபடி தனித்தனியே கூப்பிட்டு அலுவலர் சில கேள்விகள் கேட்கட்டும். இவரை எத்தனை வருஷமாகத் தெரியும்? எப்படித் தெரியும்? இவருக்குப் பிள்ளைகள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள்? இந்த வீட்டில் இவருக்கு முன்னால் குடியிருந்தது யார்? வாசல் எந்தப் பக்கம்? பதில்களைச் சாட்சி சொன்ன சொற்களிலேயே எழுதி, படித்துக்காட்டி, அவர் ரேகையையும் வாங்கி, பத்திரத்தின் பின்பக்கத்தில் அந்தப் பழைய தலைப்பின் கீழ் ஏற்றட்டும்.